இரண்டு கடி பர்கர்: வாசகர் கேள்வி, எங்கள் பதில்

அமெரிக்காவின் கான்சஸ், டென்னசி, ஓக்லஹோமா, நியூ ஜெர்சி வட்டாரங்களில் உள்ளங்கைக்குள் அடங்கும் பர்கர்கள் உண்டு. அவற்றை வீட்டில் செய்வது பற்றி வந்த கேள்விகளுக்கு மட்டும் இந்த முறை பதில் சொல்கிறோம்.

இரும்புக் கல்லில் நன்றாகச் சிவக்க வாட்டித்தான் செய்கிறேன். ருசியாகத்தான் இருக்கிறது. ஆனால் 'ஒயிட் காசில்' கடையில் வாங்குகிற அந்தச் சின்ன பர்கரின் வாசனை வரவே மாட்டேன் என்கிறது. எதை விட்டுவிட்டேன்?
– வாசகி, எடிசன், நியூ ஜெர்சி

எதையும் விடவில்லை. செய்யக் கூடாததைச் செய்கிறீர்கள். அந்தப் பர்கரில் கறியை வாட்டுவதே கிடையாது. கல்லில் வெங்காயமும் தண்ணீரும் கொதிக்கும். அதன் மேல் கறி உட்கார்ந்திருக்கும். கறி கல்லைத் தொடுவதே இல்லை. வேக வைப்பது வெங்காய ஆவி. தண்ணீர் இருக்கும் வரை அங்கே சூடு 100 டிகிரியைத் தாண்டாது, கறி சிவக்க ஏறக்குறைய 140 டிகிரி வேண்டும். அதனால் கறி சாம்பல் நிறமாகத்தான் இருக்கும், இருக்க வேண்டும். சிவந்துவிட்டால் அது வேறு பர்கர்.

18 பர்கருக்கு அளவு இது. கொழுப்பு ஐந்தில் ஒரு பங்கு உள்ள மாட்டுக் கொத்துக்கறி 450 கிராம். இரண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் இரண்டு பட்டர் பேப்பருக்கு நடுவே வைத்துப் பூரிக்கட்டையால் 21 செ.மீ. சதுரமாகத் தேயுங்கள். கனம் 5 மி.மீ. வரும். தட்டோடு ஃப்ரீசரில் 45 நிமிடம். பலகைபோல் விறைத்ததும் மூன்றுக்கு மூன்றாக வெட்டினால் 7 செ.மீ. வில்லைகள் ஒன்பது கிடைக்கும், ஒன்று 25 கிராம். ஜூஸ் ஸ்ட்ராவை அழுத்தித் திருகி ஒவ்வொன்றிலும் ஐந்து ஓட்டை போடுங்கள்: நாலு மூலைக்கு நாலு, நடுவில் ஒன்று. மறுபடி ஃப்ரீசருக்கே அனுப்பிவிடுங்கள். இளகினால் ஓட்டை மூடிக்கொள்ளும்.

கடைகளில் பாக்கெட்டில் வரும் உலர்ந்த வெங்காயத் துண்டு 30 கிராமை 200 மி.லி. வெந்நீரில் 20 நிமிடம் ஊறவிடுங்கள். ஒரு ஈடு, அதாவது ஒன்பது பர்கருக்கு, இது போதும். 30 செ.மீ. அகலமுள்ள, விளிம்பு வைத்த தட்டைக் கல்லை மிதமான தீயில் வைத்து, வெங்காயத்தை ஊறிய தண்ணீரோடு கொட்டிப் பரப்புங்கள். ஓரங்களில் குமிழி வந்ததும் ஒன்பது வில்லைகளையும் விறைப்பு மாறாமல் நெருக்கி அடுக்கி, மேலே உப்பும் மிளகுத்தூளும் தூவுங்கள். ஒன்பதுக்கும் சேர்த்து அரை டீஸ்பூனுக்குக் குறைவான உப்பு. உடனே ஒவ்வொரு வில்லை மேலும் பன்னின் மேல்பாதியை, வெட்டிய பக்கம் கறியில் படும்படி வையுங்கள். அதன் தலையில் கீழ்ப்பாதியை ஏற்றுங்கள். ஓட்டை வழியே ஏறும் ஆவி கறியை வேகவைத்துவிட்டுப் பன்னுக்குள் போகிறது. நீங்கள் தேடும் வாசனை அந்தப் பன்னில்தான் இருக்கிறது.

ஐந்து, ஆறு நிமிடம். திருப்பிப் போட வேண்டாம். தண்ணீர் வற்றிச் சடசடவென்று சத்தம் மாறினால் ஓரமாகக் கால் கப் வெந்நீர் ஊற்றுங்கள். வெந்ததும் கீழ்ப்பாதியைத் தட்டில் எடுத்து வைத்து, ஒரு வினிகர் வெள்ளரித் துண்டைப் போட்டு, தோசைத்திருப்பியை வெங்காயத்துக்கும் அடியில் விட்டு எல்லாவற்றையும் ஒன்றாக அள்ளி அதன் மேல் இறக்குங்கள்.

மூடி போட்டு வேகவைத்தேன். பன் சொதசொதவென்று ஆகிவிட்டது. மூடாமல் வைத்தால் மேல்பன் சூடாகவே இல்லை.
– வாசகர், சான் ஹோசே

மூடியில் முத்து முத்தாகக் கோக்கும் தண்ணீர் பன்னில் சொட்டியிருக்கிறது. இட்லித் துணியை மூடியைச் சுற்றிக் கட்டி, நுனிகளை மேலே முடிந்துவிடுங்கள்; துணி அடுப்பில் தொங்கக் கூடாது. கடைகளில் பன்தான் மூடி. பெரிய கல் முழுக்க இடைவெளி இல்லாமல் அடுக்குவதால் ஆவிக்கு வேறு வழி கிடையாது. வீட்டில் நாலே நாலு வைத்தால் ஆவி பக்கவாட்டில் ஓடிவிடும். கல்லை நிரப்புங்கள், முடியாதபோது மட்டும் மூடி, அதுவும் கடைசி இரண்டு நிமிடம்.

ஐந்து ஓட்டை எதற்கு? கறியை மிச்சம் பிடிக்கவா?
– வாசகர், திருச்சி

சந்தேகம் நியாயம்தான்! ஓட்டையால் கறி கொஞ்சம் குறையவே செய்யும். ஆனால் முக்கியக் காரணம் வேகம். திருப்பாமல் வேகும் கறியில் மேல்பக்கம் கடைசியில்தான் வேகும். ஓட்டை இருந்தால் ஆவி குறுக்குவழியில் மேலே வந்துவிடுகிறது. 1950-களில் ஒயிட் காசிலின் சின்சினாட்டி கிளையிலிருந்து வந்த யோசனை என்பார்கள். வீட்டில் ஓட்டை போடாமலும் செய்யலாம், இரண்டு நிமிடம் கூடும், அவ்வளவே. ஸ்ட்ராவில் சிக்கும் கறியை எறிய வேண்டாம். அடுத்த சதுரத்தோடு சேர்த்துத் தேய்த்துவிடுங்கள்.

இவ்வளவு சின்னதாக யார், எதற்காக ஆரம்பித்தார்கள்?
– வாசகி, மதுரை

கான்சஸ் மாநிலத்து விச்சிட்டா ஊரில் வால்ட்டர் ஆண்டர்சன் என்ற சமையல்காரர் 1916-இலிருந்து பர்கர் விற்றுக்கொண்டிருந்தார். பில்லி இங்க்ரம் என்பவர் அவரோடு கூட்டுச் சேர்ந்து 1921-இல் 'ஒயிட் காசில்' தொடங்கினார். விலை ஐந்து சென்ட். ஒரு பவுண்டு கறியில் 18 பர்கர் என்ற கணக்கு அங்கிருந்து வந்ததுதான். மேலே நாங்கள் சொன்ன 25 கிராமும் அதுவே. அப்போது அரைத்த கறி என்றாலே ஜனங்களுக்குச் சந்தேகம். 1906-இல்தான் சிகாகோ இறைச்சிக் கூடங்களின் அழுக்கு ஊரறிய வெளிவந்திருந்தது. அதனால் கடைக்கு வெள்ளைச் சுவர், பளபளக்கும் உலோகம், வாடிக்கையாளர் கண்ணெதிரே சமையல். கட்டடத்தையும் சிகாகோ தண்ணீர்க் கோபுரத்தைப் பார்த்துக் கோட்டைபோல் கட்டினார்கள். 1934-இல் தலைமையகம் ஒஹையோவின் கொலம்பஸுக்குப் போயிற்று.

தெற்கே டென்னசி மாநிலத்துச் சாட்டனூகாவில் 1932-இல் 'கிரிஸ்டல்' வந்தது. அதுவும் சதுரம், அதுவும் ஆவி பிடித்த பன்தான். ஆனால் அதில் கடுகு சாஸ் உண்டு. தென் மாநிலக்காரர்களிடம் இரண்டும் ஒன்றுதானே என்று கேட்டுவிடாதீர்கள். கிரிஸ்டல்போல் வேண்டுமானால் மேலே சொன்னதையே செய்து, மேல்பன்னில் அரை டீஸ்பூன் மஞ்சள் கடுகு சாஸ் தடவுங்கள். வங்காளத்துக் கடுகு சாஸான காசுந்தி வேண்டாம், காரம் மூக்கில் ஏறும்.

பச்சை வெங்காயம் கைவசம் இருக்க, உலர்ந்ததை எதற்கு வாங்க வேண்டும்? சின்ன வெங்காயம் போட்டால் இன்னும் மணக்காதா?
– வாசகி, திண்டுக்கல்

பச்சை வெங்காயத்தில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். அது வெளியேறி, காரம் அடங்கி, குழைவதற்குள் 5 மி.மீ. கறி வெந்து, இன்னும் வெந்து, ரப்பராகிவிடும். உலர்ந்த வெங்காயம் ஊறியதுமே மென்மை. இனிப்பும் லேசான வறுத்த வாசனையும் ஏற்கெனவே ஏறியிருக்கும். பச்சைதான் வேண்டுமென்றால் பெரிய வெங்காயம் 250 கிராமைக் கடுகளவாக நறுக்கி, கால் டீஸ்பூன் உப்போடு சிறு தீயில் 10 நிமிடம் நிறம் மாறாமல் வதக்கி, பிறகு 150 மி.லி. தண்ணீர் விட்டுக் கறியை அடுக்குங்கள். மேலே தூவும் உப்பை அதற்கேற்ப குறையுங்கள். மிக்ஸியில் அடிக்காதீர்கள், கசக்கும்.

சின்ன வெங்காயத்தைச் சாம்பாருக்கே விட்டுவிடலாம். அதன் மணம் கறியை அமுக்கிவிடும்.

ஒன்று கேட்க மறந்துவிட்டீர்கள்: வெள்ளரி. உங்கள் பக்கத்திலேயே கெர்கின் என்ற குட்டி வெள்ளரியை ஏற்றுமதிக்கென்று விளைவிக்கிறார்கள். பிஞ்சு வெள்ளரி 200 கிராமை 3 மி.மீ. வில்லைகளாக நறுக்கி, வினிகர் 100 மி.லி., தண்ணீர் 100 மி.லி., உப்பு ஒன்றரை டீஸ்பூன், நசுக்கிய பூண்டு ஒரு பல், கிடைத்தால் சதகுப்பைக் கீரை ஒரு கொத்து சேர்த்து, கொதிக்கவைத்து ஆறிய பின் ஊற்றி ஒரு இரவு குளிர்பெட்டியில் வையுங்கள். எண்ணெய் ஊறுகாய் இதற்கு ஆகாது.

மாட்டுக்கறி எங்கள் வீட்டில் கிடையாது. மட்டனில் செய்தேன். சவசவவென்று, ரப்பர் பந்துபோல் துள்ளியது. இஞ்சி பூண்டு விழுது, கரம் மசாலா, உப்பு எல்லாம் போட்டுப் பிசைந்துதான் வைத்தேன்.
– வாசகி, ஈரோடு

துள்ளியதற்குக் காரணம் மட்டன் அல்ல, உப்பும் பிசைதலும். உப்பு பட்டதும் கறியிலுள்ள புரதம் கரைந்து பசையாகிறது. பிசையப் பிசைய அந்தப் பசை வலைபோல் பின்னி, வெந்ததும் இறுகிவிடும். கோலா உருண்டைக்கும் கபாபுக்கும் அந்தப் பிடிப்பு வேண்டும், இங்கே வேண்டாம். உப்பு கல்லில் ஏறிய பிறகுதான், மேலே மட்டும். கையால் பிசையவே கூடாது. பேப்பருக்கு நடுவில் அழுத்தித் தேய்ப்பதோடு சரி.

மட்டனாக இருந்தால் கொழுப்பில்லாத கறி 370 கிராமுக்குக் கொழுப்பு 80 கிராம் சேர்த்துக் கறிக்கடையிலேயே இரண்டு தடவை மெஷினில் விட்டு வாங்குங்கள். ஒரு தடவை அரைத்தால் நார் பல்லில் மாட்டும். ஆட்டுக் கொழுப்பு சீக்கிரம் உறைந்து மேலண்ணத்தில் ஒட்டும், எனவே சுடச்சுடச் சாப்பிட வேண்டும். கோழி என்றால் தொடைக்கறி, நெஞ்சுக்கறி வறண்டுவிடும். எதுவானாலும் அரைத்த கறியை அரைவேக்காட்டில் எடுக்காதீர்கள். முழுத் துண்டில் கிருமி மேற்பரப்பில்தான் இருக்கும். அரைத்தால் உள்ளே எங்கும் பரவிவிடும். ஆடு, மாட்டுக்கு நடுச்சூடு 71 டிகிரி, கோழிக்கு 74. இவ்வளவு மெல்லிய வில்லையில் வெப்பமானியை மேலிருந்து குத்தினால் பயனில்லை, பக்கவாட்டிலிருந்து நுழையுங்கள்.

மசாலாவா? போட்டால் நன்றாகத்தான் இருக்கும், ஆனால் வெங்காய ஆவிக்கு வேலை இல்லாமல் போய்விடும்.

பன் செய்ய அளவு சொல்லுங்கள். இங்கே கடைப் பணிஸ் எல்லாம் பெரிசாய்க் கிடக்குது, கறி உள்ளுக்கை காணாமல் போகுது.
– வாசகர், ஸ்காபரோ, கனடா

சரியாகக் கவனித்திருக்கிறீர்கள். பணிஸ் பெருத்தால் இந்தப் பர்கர் வெறும் பாணாகிவிடும். கறி 25 கிராம் என்றால் பன் 30 கிராமைத் தாண்டக் கூடாது.

மைதா 300 கிராம், உடனடி ஈஸ்ட் 5 கிராம், சர்க்கரை 25 கிராம், உப்பு 6 கிராம், வெதுவெதுப்பான பால் 150 மி.லி., முட்டை ஒன்று. இவற்றைப் பிசைந்து, மாவு திரண்டதும் மெத்தென்ற வெண்ணெய் 30 கிராமைச் சிறிது சிறிதாகச் சேருங்கள். கையால் என்றால் 12 நிமிடம். முதலில் ஒட்டும், அதைப் பார்த்துப் பயந்து மாவு தூவினால் பன் கட்டையாகிவிடும். ஒரு சிறு உருண்டையை இழுத்தால் கிழியாமல் கண்ணாடிபோல் விரிய வேண்டும். மூடி வைத்து இரண்டு மடங்காக ஊதட்டும். 30 டிகிரி வெயில் ஊரில் ஒரு மணி நேரம், உங்கள் ஊர்க் குளிரில் இரண்டு மணி நேரமும் ஆகலாம்.

18 உருண்டைகளாக்கி, 20 செ.மீ. சதுரத் தட்டுகள் இரண்டில் ஒன்பது ஒன்பதாக வைத்து மறுபடி 40 நிமிடம். அவை ஊதி ஒன்றையொன்று முட்ட வேண்டும். முட்டினால்தான் பக்கம் மேலோடு கட்டாமல் பஞ்சாக இருக்கும், சதுரமாகவும் வரும். 180 டிகிரியில் 15 நிமிடம். வெளியே எடுத்ததும் துணியால் மூடிவிடுங்கள். முழுக்க ஆறிய பின் வெட்டுங்கள், சூட்டில் வெட்டினால் நசுங்கும். வெட்டிய பக்கத்தை டோஸ்ட் செய்யவும் வேண்டாம், மொறுமொறுத்த மேலோட்டில் ஆவி நுழையாது.

செய்யப் பொறுமை இல்லாதவர்கள் உங்கள் ஊரில் 12-ஆக ஒட்டி விற்கும் இனிப்பு ரோலை வாங்கலாம், கொஞ்சம் தித்திக்கும். தமிழ்நாட்டில் பாவ் பன்னை நாலு பக்கமும் சீவிச் சிறிதாக்கினால் போதும். டூட்டி ஃப்ரூட்டி போட்ட பன்னைத் தொடவே வேண்டாம்.

சிவந்த கறிதான் எனக்குப் பிடிக்கும். சின்ன பர்கரில் அப்படி எதுவுமே இல்லையா?
– வாசகர், சிங்கப்பூர்

தாராளமாக இருக்கிறது. ஓக்லஹோமா மாநிலத்தில் எல் ரீனோ என்று ஓர் ஊர், பழைய 66-ஆம் எண் நெடுஞ்சாலையில். 1920-களில் ரயில்வே வேலைநிறுத்தக் கஷ்டகாலத்தில், கறி விலை அதிகம், வெங்காயம் மலிவு என்று வெங்காயத்தைக் கறியோடு சரிக்குச் சரியாகச் சேர்த்து நசுக்கிப் போட்டார்கள். பஞ்சத்துக்கு வந்தது ருசிக்காக நின்றுவிட்டது. 1926-இல் திறந்த 'ராபர்ட்ஸ் கிரில்' அங்கே இருக்கிறது. ஆண்டுதோறும் மே மாதம் ஒரு ராட்சத வெங்காய பர்கர் சுட்டுத் திருவிழாவே நடத்துகிறார்கள்.

கறி 60 கிராம் உருண்டை, வெங்காயம் 60 கிராம். வெங்காயத்தை எதிர்ப்பக்கம் தெரியும் அளவுக்கு மெல்லிசாகச் சீவுங்கள். அதில்தான் எல்லாம் இருக்கிறது. இரும்புக் கல் நன்றாகக் காய்ந்ததும் உருண்டையை வைத்து, மேலே வெங்காயத்தைக் குவித்து, கனமான திருப்பியால் தட்டையாக அழுத்துங்கள். முதல் அரை நிமிடத்துக்குள் அழுத்திவிட வேண்டும், கொழுப்பு உருகிய பின் அழுத்தினால் சாறு ஓடிவிடும். உப்பு போட்டு இரண்டு நிமிடம் கழித்து, அடியில் பிடித்த செந்தோலோடு சுரண்டித் திருப்புங்கள். இப்போது வெங்காயம் கீழே, கறி மேலே. பன்னை மேலே கவிழ்த்து இன்னும் இரண்டு மூன்று நிமிடம், மிதமான தீயில். வெங்காயத்தில் பாதி கருகலும் பாதி குழைவுமாக இருந்தால் சரி. கனமாகச் சீவியிருந்தால் வெளியே கருகி உள்ளே பச்சையாக நிற்கும்.

நியூ ஜெர்சி ஹேக்கன்சாக்கில் 1946-இலிருந்து இருக்கும் 'ஒயிட் மன்னா' கடைப் பர்கரும் இந்த வம்சம்தான், அளவில் இன்னும் சிறியது. ஜெர்சி சிட்டியில் 'ஒயிட் மனா' என்று இன்னொன்று உண்டு, பலகையில் ஓர் எழுத்து குறைவு. அந்தக் கட்டடம் 1939 நியூயார்க் உலகப் பொருட்காட்சியிலிருந்து வந்தது.

மிசிசிப்பியில் மாவு கலந்து எண்ணெயில் பொரிக்கிற பர்கர் உண்டாமே, உண்மையா?
– வாசகர், அட்லாண்டா

உண்மை. கொரிந்த் ஊரின் 'ஸ்லக்பர்கர்'. ஸ்லக் என்றால் நத்தையும் இல்லை, அட்டையும் இல்லை; ஐந்து சென்ட் நாணயத்துக்குக் கொச்சைப் பெயர். முன்பு உருளைக்கிழங்கு மாவு, இப்போது பெரும்பாலும் சோயா கலக்கிறார்கள். வீட்டில் கொத்துக்கறி 300 கிராம், சோயா மாவு 60 கிராம், தண்ணீர் 90 மி.லி., உப்பு முக்கால் டீஸ்பூன், மிளகு அரை டீஸ்பூன். பிசைந்து அரை மணி ஊறவிட்டு, அரை செ.மீ. கனத்தில் தட்டி, 175 டிகிரி எண்ணெயில் மூன்று நான்கு நிமிடம், மசால் வடைபோல் ஓரம் மொறுமொறுக்கும் வரை. இதில் உப்பு சேர்த்துப் பிசையத்தான் வேண்டும், இல்லாவிட்டால் எண்ணெயில் உதிரும். கடுகு சாஸ், வெங்காயம், வெள்ளரி. எண்ணெய் சூடு குறைந்தால் மாவு எண்ணெயைக் குடித்துவிடும், ஒரு ஈட்டுக்கு நாலு போதும்.

சைவத்தில் செய்ய முடியுமா? உருளைக்கிழங்கு வில்லை வைத்தேன், கல்லில் கூட்டாகிவிட்டது.
– வாசகி, கும்பகோணம்

கிழங்கு தண்ணீரில் கரையத்தானே செய்யும். ஒயிட் காசிலே 2014-இல் காய்கறி வில்லையும் 2018-இல் தாவரப் புரத வில்லையும் கொண்டுவந்தது. வீட்டில் சோயா குருணை 100 கிராமை வெந்நீரில் ஊறவைத்து இறுகப் பிழிந்து, வறுத்த கடலை மாவு 50 கிராம், மசித்த கிழங்கு 80 கிராம், உப்பு சேர்த்து வில்லை தட்டுங்கள். முதலில் எண்ணெயில் இரு பக்கமும் தோல் கட்டும்படி வாட்டிவிட்டு, நீர் பெரும்பாலும் வற்றிய வெங்காயத்தின் மேல் ஒரே நிமிடம். ஆவி பன்னுக்கு மட்டும் போனால் போதும்.

இட்லிப்பானையில் பர்கர் வேகுமா என்று கேட்டால் வீட்டில் சிரிக்கிறார்கள்.
– வாசகர், கோவை

சிரிப்பவர்களைக் கனெடிகட் மாநிலத்து மெரிடன் ஊருக்கு அனுப்புங்கள். அங்கே 'டெட்ஸ்' கடையில் 1959-இலிருந்து பர்கரை ஆவிப்பெட்டியில்தான் வேகவைக்கிறார்கள். குட்டித் தட்டுகளில் கறி, வேறு தட்டுகளில் சீஸ். இட்லிப்பானையில் சிறு எவர்சில்வர் கிண்ணத்தில் 80 கிராம் கறியை வைத்து 12 நிமிடம். கிண்ணத்தில் தேங்கும் கொழுப்பை வடித்துவிடுங்கள். செடார் சீஸ் 30 கிராமை இன்னொரு கிண்ணத்தில் கடைசி மூன்று நிமிடம் வைத்தால் பாகாக உருகும், வழித்துக் கறி மேல் ஊற்ற வேண்டியதுதான். அது சின்ன பர்கர் இல்லை, இரண்டு கையால் பிடிக்க வேண்டும்.

18 செய்து ஆறு மிஞ்சிவிட்டது. மறுநாள் பன் தோல்போல் ஆகிவிட்டது.
– வாசகி, சென்னை

குளிர்பெட்டியில் வைத்தால் பன் விறைத்துத்தான் போகும். மிஞ்சும் என்று தெரிந்தால் வெள்ளரியை வைக்காமல் ஒவ்வொன்றாகச் சுற்றி ஃப்ரீசரில் வையுங்கள். எடுக்கும்போது ஈரமான டிஷ்யூ பேப்பரில் சுற்றி மைக்ரோவேவில் ஒரு நிமிடம். 1987-இலிருந்து ஒயிட் காசில் இதே பர்கரை உறையவைத்துக் கடைகளில் விற்கிறது, அதனால் இது அவமானம் ஒன்றுமில்லை.

ஏற்கெனவே காய்ந்துவிட்டதா? அமெரிக்காவின் நன்றி நவிலல் நாளில் (தாங்க்ஸ்கிவிங்) வான்கோழிக்குள் அடைக்க அவர்களே ஒரு முறை சொல்வார்கள்: பத்து பர்கரிலிருந்து வெள்ளரியை எடுத்துவிட்டுப் பிய்த்துப் போட்டு, நறுக்கிய செலரி ஒன்றரை கப், தைம், சேஜ், மிளகு, கால் கப் கோழிச்சாறு. உங்கள் ஆறுக்கு எல்லாவற்றிலும் பாதியைவிடச் சற்று அதிகம் போடுங்கள். வான்கோழி இல்லாவிட்டால் வெண்ணெய் தடவிய தட்டில் கொட்டி 180 டிகிரியில் 25 நிமிடம். ஓவன் இல்லாதவர்கள் கல்லில் போட்டு, முட்டை உடைத்து ஊற்றி, கொத்து பரோட்டாவைக் கொத்துகிற மாதிரி கொத்திவிடலாம்.